படம் ஏழு

நிலக்கீழ் அறையிலிருந்து
நானே தூக்கி வந்தேன்.
மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
இருவருக்குமாய் மூச்சு வாங்கி.

பெட்டியோடு ஒட்டியிருந்தது பற்றுச்சீட்டு:
முந்தின வருசம், மார்ச் பதினொன்று.
இரண்டு வருட உத்தரவாதம்
போன கிழமை முடிந்துவிட்டது.
உள்ளே ஒரு துணியும் கசங்கவில்லை.
ஒரு திருகாணியும் பையை விட்டு வெளியே வரவில்லை.
அந்த மார்ச்சைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பிறக்க முன்னம் ஒன்றும் வாங்கக்கூடாது என்று
இந்த முறை எல்லோரும் தொலைபேசியில் சொன்னார்கள்.
வாங்கவில்லையே.
பூட்டத்தானே போகிறேன்.

பகலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
எள்ளைவிடச் சிறிய திருகாணிகளை
இடுக்கியால் எடுத்து வைப்பவள் நான்.
மூச்சை அடக்கிக்கொண்டு வைப்போம்;
தும்மினால் அரைநாள் உழைப்பு தரையில்.
பதினொரு வருசத்தில் என் கை நடுங்கியதாய்
மேற்பார்வையாளர் ஒருமுறையும் எழுதவில்லை.
இங்கே, கூடத்து விளக்கின் கீழே,
முழங்கை நீளக் கம்பி ஒன்று
துளையைக் கண்டும் போக மறுக்கிறது.

கையேட்டில் இருபத்தொரு மொழி.
பீல் என்றும் பியென் என்றும்
இந்த ஊருக்கே பெயர் இரண்டு;
அந்த இரண்டு மொழியிலும் ஒரே எச்சரிக்கை,
தடித்த எழுத்தில்.
படங்களைப் பார்த்தே போனேன்.
படத்தில் ஒரு மொட்டைத் தலையன்,
கண்ணும் இல்லை வாயும் இல்லை,
ஆறாம் படம் வரைக்கும்
ஒரு சந்தேகமும் இல்லாமல் வேலை செய்கிறான்.
வளைகம்பியை விரித்தேன், தொட்டில் நிமிர்ந்தது.
மெத்தையை அமுக்கினேன்.
கூரையை இழுத்து ஸிப்பைப் பூட்டினேன்.
படம் ஏழில் அவன் தலையில்
திடீரென்று ஒரு காது.
காதுக்கு நேரே இரண்டு வளைகோடு.
வண்டிச் சட்டத்தில் தொட்டில் இருக்கும்போது
டக் என்று கேட்கவேண்டும், இரண்டு பக்கமும்.

வலது பக்கம் கேட்டது.
இடது பக்கம் கேட்கவில்லை.

கழற்றினேன். வைத்தேன். அமுக்கினேன்.
வலது: டக். இடது: ஊமை.
பத்து மணிக்குப் பிறகு
இந்தக் கட்டடத்துக்கும் ஒரு சட்டம் உண்டு.
கீழ்வீட்டுத் திருமதி ஏபிஷர்
என் குதிக்காலின் எடையைக்கூட அறிவார்.
பத்து இருபதுக்கு ஆறாம் முறை.
பத்து முப்பத்தைந்துக்கு முழங்காலால்.
கீழேயிருந்து தும்புத்தடி இரண்டு தரம் இடித்தது.
மன்னியுங்கள் என்றேன், தரையைப் பார்த்து.
சொல்லக் குனிந்தபோது கண்டேன்:
கொக்கியின் வாயில்
ஒரு நெல்லளவு வெள்ளை ரெஜிபோம்,
இரண்டு வருசமாய்க் கடித்தபடி.
கொண்டை ஊசியால் தோண்டி எடுத்தேன்.

டக்.

மெல்லிய சத்தம்தான். வயிற்றுக்குள்
யாரோ திரும்பிப் படுத்தார்கள்.

பாரம் வைத்துப் பார்க்காமல் எப்படி நம்புவது?
குசினியில் பச்சையரிசி, ஐந்து கிலோ, பிரிக்காத பை.
கிடத்தினேன். கிடத்தி, என்ன நினைத்தேனோ,
சின்னப் போர்வையையும் கழுத்துவரை இழுத்துவிட்டேன்,
அரிசிப் பைக்குக் கழுத்து எது என்று பாராமல்.
கூடத்திலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து கூடத்துக்கு.
சில்லு ஒன்று மட்டும் கீச்சிட்டது.
அப்படியே வாசற்கதவடியில் நிறுத்திவிட்டுப்
போய்ப் படுத்தேன்.

ஐந்தே காலுக்குத் திறப்புச் சத்தம்.
பொதி பிரிக்கும் நிலையத்தில் இரவு முழுக்கத்
தூக்கித் தூக்கி
கையாலேயே கிராம் சொல்லுவான் கேதீசன்.
ஒரு சப்பாத்தைக் கழற்றியவன்
மற்றது காலோடு நின்றுவிட்டான்.
விளக்கைப் போடவில்லை.
தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.
தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.
தொடவில்லை.
மேலங்கியின் வெள்ளிப் பட்டி மினுங்கக்
குந்தியிருந்து
கூரைக்குள் தலையை நீட்டி
மெதுவாய் என்னவோ கதைத்தான்.
நடுவில் ஒரு பெயர் கேட்டது.
இந்த முறை நாங்கள்
பெயர் யோசிக்கவே தொடங்கவில்லை.

கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அரிசி என்று சொல்லலாம்.
இன்னும் கொஞ்சம் போகட்டும்.